பார்த்தவர் பெயர்

தலைநகர் அம்மானிலிருந்து வந்த தணிக்கையாளர் துரைத் என் எதிரில் உட்கார்ந்தார். பையைத் திறக்கவில்லை, காகிதம் எதுவும் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாராவது ஒரு நோயாளியோட ரிப்போர்ட்டை எடுத்துக்குங்க. போன செவ்வாய்க்கிழமை அதை யார் யார் திறந்து பாத்தாங்கன்னு சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. திருத்தியவர் யார் என்று கேட்டிருந்தால் ஓரளவு சொல்லியிருப்பேன். பார்த்ததற்கு எங்கள் தரவுத்தளத்தில் எந்தத் தடமும் கிடையாது.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடம் இர்பிதில் பல்கலைக்கழகத் தெருவில் இருக்கிறது. சுற்று ஊர்களில் இன்னும் ஆறு கிளைகள். எட்டு வருடங்களாக அதன் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரிண்டர் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் எங்களோடு ஒப்பந்தம் வைத்திருந்த காப்பீட்டு நிறுவனம், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத கூடங்களுக்கு இனி ஆட்களை அனுப்பமாட்டோம் என்று எழுதிவிட்டது. அதனால்தான் துரைத் வந்திருந்தார்.

"உங்க ஆளுங்க எந்தப் பேர்ல உள்ள வர்றாங்க?" என்று கேட்டார்.

"அறுபது பேருக்கும் ஒரே பேருதான். 'லாப்'."

"பாஸ்வேர்ட் எத்தன பேருக்குத் தெரியும்?"

"அறுபது பேருக்கும் தெரியும். டீ கொண்டு வர்றவருக்குத் தெரியுமான்னு மட்டும் எனக்குத் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. பத்து வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் காகித வேலை. யார் எதைப் பார்க்கலாம், பார்த்த பதிவை யார் அழிக்கலாம் என்று பதினான்கு பக்க அட்டவணை ஒன்று தயாரித்தேன். ரத்தம் எடுப்பவர்கள் தங்கள் கிளை நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், ஏனென்றால் சில நேரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவர்கள் எல்லாம் பார்க்கலாம். நிர்வாகத்துக்கு எண்ணிக்கையும் நேரமும் போதும், ரிப்போர்ட் தேவையில்லை. மேலாளர் அபு நிஹாத் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, நின்றபடியே பதினான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போடுங்களேன்," என்றேன்.

"நீ எழுதினத நான் படிச்சா எனக்குப் புரியவா போகுது, முஹன்திஸா? தள்ளு இங்க." எங்கள் பக்கத்தில் பொறியியல் படித்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அதைச் சொல்லும்போது எப்போதும் பாதி கேலி இருக்கும். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் முணுமுணுத்துக்கொண்டு வாங்கிப்போனார்கள். உம் ஸுஹைப், அதாவது ஸுஹைபின் அம்மா, மட்டும் என் அறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாக எங்கள் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். குழந்தைகளுக்கு, கீமோ எடுத்து நரம்பு மறைந்துபோனவர்களுக்கு, எல்லோருக்கும் அவரைத்தான் தேடுவார்கள்.

"என் கையப் பாத்தா நரம்பு தானா எந்திரிச்சு வரும். எனக்கு எதுக்கும்மா பாஸ்வேர்ட்?"

"நரம்புக்கு இல்ல, உம் ஸுஹைப். கம்ப்யூட்டருக்கு."

"எட்டு எழுத்து, அதுல ஒரு நம்பர், அதுல ஒரு புள்ளி. என் மருமக பேரே எனக்கு சில நாள் வாய்ல வராது."

"உங்களுக்குப் பிடிச்ச ஏதாவது வைங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

"சொன்னா?"

"சொன்னா அவங்க செஞ்சது உங்க பேர்ல விழும்."

"நம்ம வீட்டுல நடக்கறதும் அதுதானே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிறகு, யார் எதைத் திறந்தாலும் குறித்துவைக்கும் பதிவை இயக்கினேன். அதில் என் தவறு நடந்தது. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், எல்லாவற்றையும் எழுது என்று வைத்துவிட்டேன். பதிவு எழுத முடியாத நிலை வந்தால் தரவுத்தளமும் நின்றுவிட வேண்டும் என்றும் வைத்தேன். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரங்கள் ஒவ்வொரு நொடியும் தரவுத்தளத்திடம் "புது வேலை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரியானது. மூன்றாம் நாள் காலை ஏழு இருபதுக்கு கணினி வட்டில் இடம் தீர்ந்து, ஏழு கிளைகளும் ஒன்றாக நின்றன.

வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். எதிர்க் கடையிலிருந்து ஃபலாஃபில் பொரிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. அபு நிஹாத் என் வாசலில் வந்து நின்றார்.

"நாப்பது பேர் பசியோட நிக்கறாங்க. ஒரு கிழவர் என்கிட்ட வந்து, 'மகனே, என்னோட சர்க்கரை இப்பவே ஆகாசத்துக்குப் போயிருக்கும், உன்னைப் பாத்தாலே ஏறுது'ங்கறார். அந்த எழவ நிறுத்து."

நிறுத்தினேன். ஒன்பதரைக்கு வரிசை நகர்ந்தது. அன்று மாலை துரைத்துக்குப் போன் செய்தேன். அவர் அதிர்ச்சி காட்டவில்லை. எல்லா இடத்திலும் முதல் தடவை இது நடக்கும் என்றார்.

"தரவுத்தளத்துல ரிப்போர்ட் இருக்கற டேபிளைத் தொட்டா மட்டும் எழுதுங்க. மனுஷங்க திறக்கறத மட்டும். இயந்திரம் முடிவை உள்ள போடறப்ப ஒரு வரி போதும். இன்னொன்னு. இப்ப எழுதின பதிவை ஒரு தடவ திறந்து பாருங்க. என்ன தெரியுது?"

பார்த்தேன். நோயாளியின் பெயர், வயது, முடிவு, எல்லாம் அதிலேயே இருந்தது. பூட்டுப் போடப் போய், எல்லோருடைய ரிப்போர்ட்டையும் இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அன்றிரவே அதை அழித்துவிட்டு, நோயாளி எண் மட்டும் பதியும்படி மாற்றினேன்.

அதற்குப் பின்னும் ஒரு சிக்கல் இருந்தது. ஊழியர்கள் திரையில் தங்கள் பெயரில் நுழைந்தாலும், அந்த மென்பொருள் தரவுத்தளத்துக்குள் தன் சொந்தப் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் பதிவில் எல்லா வரியிலும் ஒரே பெயர் விழுந்தது. மென்பொருள் எழுதிய நிறுவனத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டி, உட்கார்ந்திருப்பவரின் பெயரையும் கணினியின் எண்ணையும் கூடவே அனுப்பச் செய்தேன். கடைசியாக, பதிவு முழுவதும் அம்மானில் இருக்கும் வேறொரு சர்வருக்கு உடனுக்குடன் போகும்படி வைத்தேன். அங்கே போனதை அழிக்கும் உரிமை எனக்கும் கிடையாது. அதன் சாவி கூடத்தின் உரிமையாளர் டாக்டர் லமீஸிடம் மட்டும். சான்றிதழுக்கு அது கட்டாயம்.

புது ஏற்பாடு ஓட ஆரம்பித்து பதினோரு நாள் ஆகியிருந்தபோது ஸுஃப்யான் வந்தார்.

ரம்தாவில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் எங்கள் ரசீது. முன்மேசையில் யாரிடமோ மெதுவாகப் பேச ஆரம்பித்து, மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டார். பிரிண்டர் பார்க்கப் போயிருந்த நான் அங்கேதான் இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் எல்லோரும் எடுக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்ப் பரிசோதனையில், அரசு சுகாதார நிலையத்தில் அவருக்கும் பெண்ணுக்கும் சந்தேகம் என்று சொல்லி, அடுத்த பரிசோதனைக்கு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவருடைய முடிவை அவரிடம் கொடுத்தது வியாழக்கிழமை காலை. புதன்கிழமை மாலையே பெண்ணின் தகப்பனார் போன் செய்துவிட்டாராம்.

"'உன் ரத்தத்துல கோளாறுன்னு கேள்விப்பட்டோம், மன்னிச்சுக்க தம்பி, எங்க பொண்ணைக் குடுக்க முடியாது'ன்னாரு. எனக்கே அப்ப தெரியாது. என் ரத்தத்தப் பத்தி என்னைவிட முந்தி அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

அபு நிஹாத் அவர் தோளில் கை வைத்தார். "உட்காருங்க உஸ்தாஸ். காப்பி குடிங்க. ஊருன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. சுகாதார நிலையத்துலேர்ந்து கூட போயிருக்கலாம்."

"அங்க வெறும் சந்தேகம்னுதான் சொன்னாங்க. அவரு சொன்னது உங்க ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தை. 'கேரியர்'னாரு."

கேரியர் என்றால் மரபணுவில் அதைச் சுமப்பவர், நோயாளி இல்லை. கணவன் மனைவி இருவருமே அப்படி இருந்தால்தான் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்து. பெண்ணின் முடிவு ஞாயிற்றுக்கிழமைதான் வரவேண்டியிருந்தது. அதுவரை கூட அவர்கள் காத்திருக்கவில்லை.

"இங்க யாரு பாத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்," என்றார் ஸுஃப்யான்.

"அதை எப்படிங்க சொல்ல முடியும்? நூறு பேர் வந்து போற இடம்," என்றார் அபு நிஹாத்.

"சொல்லலாம்," என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையில்தான் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். ஆறு வாரமாக யாருக்கும் புரியாத ஒரு வேலை செய்திருந்தேன். அது பயன்படும் முதல் தருணம் அதுதான். ஸுஃப்யானுடைய ரசீதிலிருந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளில் பதில் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பினோம்.

அந்த எண்ணுக்கு நான்கு வரிகள் இருந்தன. புதன் பதினொன்றுக்கு இயந்திரம் முடிவைப் போட்டிருந்தது. பதினொன்றரைக்கு மருத்துவர் பார்த்து ஒப்பமிட்டிருந்தார். வியாழன் காலை முன்மேசையில் அச்சடித்திருந்தார்கள். நடுவில், புதன் பகல் ஒன்று நாற்பத்திரண்டுக்கு உம் ஸுஹைப்.

நான் பெயரைத்தான் பார்த்தேன். நேரே போய் அபு நிஹாதிடம் சொல்லிவிட்டேன். அவர் மேசை மீதிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

"உம் ஸுஹைபா?"

"பதிவு அப்படித்தான் காட்டுது."

"சரி. நான் பேசிக்கறேன். நீ யாருகிட்டயும் சொல்லாத."

மறுநாள் காலை ரத்தம் எடுக்கும் அறையில் வேறொரு பெண் இருந்தாள். விசாரணை முடியும்வரை உம் ஸுஹைபை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாள். வரிசையில் ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போனாள்.

அறைக்கு வந்து அதே நான்கு வரிகளை மறுபடி திறந்தேன். உம் ஸுஹைப் பெயர் இருந்த வரியை அப்போதுதான் கடைசிக் கட்டம்வரை படித்தேன். பார்த்த கணினி, எண் ஒன்று. நாற்பத்தொரு கணினிகளுக்கும் எண் கொடுத்தவள் நான். எண் ஒன்று மேலாளர் அறையில் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் அறைகளில் இருப்பவை பதினாறிலிருந்து பத்தொன்பது வரை.

புதன் பகலில் உம் ஸுஹைப் பெயரில் வேறென்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்று நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் கணினி பதினேழிலிருந்து நோயாளிகளின் பக்கங்களைத் திறந்திருந்தார், குழாய் லேபிள் ஒட்ட. ஒரே பெயர், ஒரே நேரம், இரண்டு அறைகள். நடுவில் நீளமான ஒரு தாழ்வாரம் வேறு.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரான ஹுஸ்னில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசை முழுக்கத் திராட்சை இலையைப் பரப்பி வைத்து, அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வா. வேலை இல்லாதவ வீட்டுல சாப்பாடாவது நல்லா இருக்கும். உட்காரு."

"புதன்கிழமை நீங்க மேனேஜர் ரூமுக்குப் போனீங்களா?"

ஒரு இலையைச் சுருட்டி முடித்து வரிசையில் வைத்தார். "போனேன். கூப்பிட்டாரு. 'என் கம்ப்யூட்டர் எனக்கே கதவைத் திறக்க மாட்டேங்குது, உன் பேரைப் போட்டுக் குடு'ன்னாரு. போட்டுக் குடுத்தேன். எனக்கு ரூம்ல ஆள் காத்துட்டு இருந்துச்சு, வந்துட்டேன்."

"என்ன பாக்கறாருன்னு கேக்கலையா?"

"அவரை நான் கேப்பனா? என் வீட்டுக்காரர் போனப்ப, மறுமாசம் என்னை வேலைல வச்சவர் அவரு. அவரு கூப்பிட்டா போவேன்."

"நேத்து உங்களை வீட்டுல இருக்கச் சொன்னப்ப இதச் சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட? அவருகிட்டயா? அவருக்குத் தெரியாதா?" கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார். "உன் மெஷின்ல என் பேருதான் இருக்குன்னாரு. இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப சரி. நீதான சொன்ன, என் பேர்ல விழும்னு."

புறப்படும்போது ஒரு டப்பாவில் இலைச்சுருள் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "உன் மேல கோவம் வேற, இது வேற," என்று பையில் திணித்தார்.

அடுத்த நாள் அறிக்கை எழுதினேன். என்ன பார்க்கப்பட்டது, எப்போது, எந்தப் பெயரில், எந்தக் கணினியில், அது எந்த அறையில், அதே நேரத்தில் அதே பெயர் வேறெங்கே இருந்தது, அதற்காக யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். யார் உட்கார்ந்திருந்தார் என்று நான் எழுதவில்லை. அது பதிவில் இல்லை.

அச்சடித்துக்கொண்டிருந்தபோது அபு நிஹாத் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பிரிண்டர் மேல் இருந்த பக்கத்தை எடுத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார், அது அரைப் பக்கம்தான்.

"இந்தக் கணினி எண் வரி எதுக்கு?"

"பதிவுல இருக்கு."

"இருக்கட்டும். ரிப்போர்ட்ல எதுக்கு? பேரு போதாதா?"

"பேரு மட்டும் இருந்தா தப்பான ஆளைக் காட்டும்."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் முன்னால்வரை இருந்த மேலாளர்த்தனம் குறைந்திருந்தது.

"கேளு. பொண்ணோட அப்பன் என்கூட பட்டாளத்துல இருந்தவன். ரெண்டு வருஷம் ஒரே கூடாரம். போன் பண்ணி, 'என் பொண்ணு வாழ்க்கைடா, உன் கூடத்துலதான் ரத்தம் இருக்கு, ஒரு வார்த்தை சொல்லு'ங்கறான். நான் என்ன சொல்லுவேன்? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. கேரியர்னு ஒரே வார்த்தைதான் சொன்னேன். அவன் அதை நோய்னு எடுத்துக்கிட்டான்."

"அவர் போன் பண்ணப்ப நீங்க சொல்ல முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"நீ சொல்லியிருப்ப. உனக்கு ஆளுங்க இல்ல, டேபிள்தான் இருக்கு." உடனே கையைத் தூக்கினார். "விடு. தப்பா வந்துருச்சு."

"உம் ஸுஹைபை ஏன் அனுப்பினீங்க?"

"ரெண்டு வாரம். சத்தம் அடங்கினதும் திருப்பிக் கூப்பிட்டிருப்பேன். சம்பளம் கூட வெட்டலை." அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். "அந்த வரியை எடுத்துரு, ருவைதா. உன்னை வேலைக்கு எடுக்கறப்ப டாக்டரம்மா வேற ஆளு பாத்து வச்சிருந்தாங்க. நான்தான் நின்னு பேசினேன்."

"தெரியும். ஆனா இத எடுத்தாலும் பிரயோஜனமில்ல. அம்மான் சர்வர்ல அப்படியே இருக்கு. அழிக்க எனக்கு உரிமை இல்ல."

"யாரு அப்படி வச்சது?"

"நான்தான். நீங்க கையெழுத்துப் போட்டீங்க. ஒன்பதாவது பக்கம்."

அவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். சர்வரில் இல்லாமல் என் கையில் மட்டும் இருந்திருந்தால் அந்த வரியை எடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எடுத்திருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டு வருடப் பழக்கம்.

மறுநாள் நான் டாக்டர் லமீஸ் அறைக்குள் போனபோது அபு நிஹாத் ஏற்கெனவே அங்கே இருந்தார். என் அறிக்கையை டாக்டர் வாங்கினார், ஆனால் உடனே படிக்கவில்லை.

"இவரே எல்லாம் சொல்லிட்டாரு," என்றார். "நீ எழுதினதும் இவர் சொன்னதும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாக்கறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றாகத்தான் இருந்தது. உம் ஸுஹைபை அனுப்பியதைப் பற்றி மட்டும் அபு நிஹாத் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் டாக்டர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் அபு நிஹாத் வேலையை விட்டார். பிரிவு விருந்து வைக்கவில்லை. என் வாசலில் நின்று, "பிரிண்டரைப் பாத்துக்க," என்று மட்டும் சொன்னார். நான் அறிக்கை கொடுத்த மறுநாளே உம் ஸுஹைப் திரும்ப வந்தார். தன் பெயரைப் பிறருக்குத் திறந்துகொடுத்ததற்காக எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வாங்கினார். அது விதி, அதை எழுதியவளும் நான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாங்கிய முதல் எச்சரிக்கை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் சுவரில் இருக்கும் தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

துரைத் சொன்ன நாளில் வந்தார். இம்முறை அவரே ஒரு எண் சொன்னார், நான் ஒரு நிமிடத்துக்குள் பதில் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். பெயர் எதுவும் கேட்காமல் கேட்டுக்கொண்டார்.

"ஒரே பேரு ஒரே நேரத்துல ரெண்டு கம்ப்யூட்டர்ல இருக்க ஏன் விட்டீங்க?"

"தோணல."

"அதை மூடுங்க. மூடிட்டா சான்றிதழ்."

அதையும் மூடினேன். அதனால் உம் ஸுஹைப் ஓர் அறையில் வெளியேறிவிட்டுத்தான் அடுத்த அறையில் நுழைய முடியும் என்று ஆகிவிட்டது. இரண்டாம் நாளே என் வாசலுக்கு வந்து நின்றார்.

"என்னை நடக்க வச்சே கொல்லணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார். மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

ஸுஃப்யானுக்குத் தர வேண்டிய கடிதத்தைக் கூடத்தின் வக்கீல் ஏழு வாரம் வைத்திருந்தார். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நான்கு முறை திரும்பி வந்தது. கடைசியில் ஸுஃப்யான் வந்த நாளில் டாக்டர் அம்மானில் இருந்தார், கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் அறையில் உட்கார வைத்து, சேஜ் இலை போட்ட டீ வரவழைத்தேன்.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். புதன் பகல் ஒன்று நாற்பத்திரண்டு, நிர்வாக அறை, தேவையின்றிப் பார்க்கப்பட்டது, வெளியே சொல்லப்பட்டது, கூடம் வருந்துகிறது, பொறுப்பானவர் இப்போது இங்கே இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

"வழக்கு போடலாம்னு என் அண்ணன் சொல்றான்," என்றார்.

"போடலாம். இந்தக் கடிதம் போதும்."

"போட்டு என்ன செய்யறது." மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "ஒண்ணு கேக்கலாமா? அவளோட ரிசல்ட் வந்துச்சா?"

"அதை நான் சொல்ல முடியாது."

"தெரியும். சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பாக்கணும்னு நெனச்சா பாக்கலாமில்ல?"

"பாக்கலாம்."

"பாக்கலை?"

"பாக்கலை."

உண்மைதான். அந்தப் பெண்ணின் எண் எனக்குத் தெரியும், இருவர் ரத்தமும் ஒரே சீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்திருந்தது. பெண் கேரியர் இல்லையென்றால் அந்தக் கல்யாணம் எந்தத் தடையும் இல்லாமல் நடந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விரல் அசைந்தால் போதும். அந்த ஏழு வாரத்தில் இரண்டு முறை கை விசைப்பலகை வரை போயிருக்கிறது. என் பெயர் பதிவாகும் என்பதற்காகத் திரும்பினேனா, வேறு ஏதாவது காரணத்துக்காகவா என்று கேட்டால் எனக்கே தெளிவாகத் தெரியாது.

ஸுஃப்யான் தலையசைத்தார். மிச்ச டீயைக் குடித்தார். ரம்தா பஸ் ஐந்தேகாலுக்கு இருக்கிறது என்று சொல்லி எழுந்துகொண்டார். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

அடுத்த கோடையில் அவருக்குக் கல்யாணம் நடந்ததாக உம் ஸுஹைப் கேள்விப்பட்டு வந்து சொன்னார். பெண் ஜெரஷ் பக்கமாம், அவளும் டீச்சராம். இரண்டு பேரும் அம்மானுக்குப் போய் ரத்தம் கொடுத்தார்களாம்.

"நம்மகிட்ட வரலை பாத்தியா," என்றார்.

"வரமாட்டாரு," என்றேன்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு, கணினி பதினேழிலிருந்து வெளியேறி அடுத்த அறைக்குப் போனார்.